கோக்கா கோலா: வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். அமிலம், காரம் பாடம் தொடங்கும் நாளில் மேசைமேல் ஒரு கோலா பாட்டிலைத் திறந்து வைத்து, அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் பிஹெச் தாளை அதில் நனைத்துக் காட்டுவது வழக்கம். தாள் ஆரஞ்சு கலந்த சிவப்பாக மாறியதும் பாடம் ஓரமாக நகர்ந்துவிடும், கேள்விகள் ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். வீட்டு விசேஷங்களில் உறவுக்காரர்கள் கேட்பதும் இவற்றையேதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் பெரும்பாலும் அந்த "ரகசிய ஃபார்முலா"வைப் பற்றித்தான் ஆர்வமாக இருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்குப் புரிந்தது வேறு. இந்தப் பானத்தின் தலையெழுத்தைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதியவை சட்டங்களும் ஒப்பந்தங்களும்தான்.

மேம், இது முதல்ல மருந்தாத்தான் வந்துச்சாமே?

ஆமாம். ஜான் பெம்பர்ட்டன் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த மருந்துக்கடைக்காரர். உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்களின் படையில் இருந்தார். போர் முடியும் தறுவாயில், 1865 ஏப்ரலில், கொலம்பஸ் நகரில் நடந்த சண்டையில் அவர் மார்பில் வாள்வெட்டு விழுந்தது. வலிக்கு மார்ஃபின் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தவர் அதிலிருந்து மீள முடியவில்லை. ஐரோப்பாவில் ஏஞ்சலோ மாரியானி என்பவர் ஒயினில் கோக்கா இலையை ஊறவைத்து விற்றுப் பெரும் பேர் வாங்கியிருந்தார். அதைப் பார்த்துப் பெம்பர்ட்டனும் 1885-ல் "ஃபிரெஞ்ச் ஒயின் கோக்கா" என்ற ஒன்றைத் தயாரித்தார். நரம்புத் தளர்ச்சி, தலைவலி என்று பலவற்றுக்கும் மருந்தென விளம்பரம் செய்தார். மார்ஃபின் பழக்கத்துக்கும் இதுவே மருந்து என்றார்.

அப்போதுதான் முதல் சட்டம் குறுக்கே வந்தது. பெம்பர்ட்டன் வசித்த அட்லாண்டா நகரம் இருக்கும் ஃபுல்டன் மாவட்டத்து மக்கள் 1885 நவம்பரில் மதுவிலக்குக்கு வாக்களித்தார்கள். 1886 ஜூலை 1 முதல் அமல். ஒயினில் செய்த மருந்தை வைத்துக்கொண்டு பெம்பர்ட்டன் என்ன செய்வார்? ஒயினை எடுத்துவிட்டுச் சர்க்கரைப் பாகில் அதையே மாற்றிச் செய்தார். 1886 மே 8 அன்று ஜேக்கப்ஸ் மருந்துக்கடையில், பாகோடு சோடா கலந்து ஊற்றித் தரும் சோடா மேடையில் கிளாஸ் 5 சென்ட்டுக்கு முதல் விற்பனை நடந்தது. கோக்கா கோலா பிறந்தது ஒரு மதுவிலக்கின் புண்ணியத்தில்.

அந்த வளைவு வளைவான எழுத்து யார் போட்டது?

பெம்பர்ட்டனின் கூட்டாளியும் கணக்கருமான ஃபிராங்க் ராபின்சன். பெயரும் அவர் வைத்ததே. விளம்பரத்தில் இரண்டு 'சி' எழுத்துகள் பக்கத்துப் பக்கத்தில் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். அந்தக் காலத்து அமெரிக்கக் கணக்கர்கள் எல்லோரும் பழகிய ஸ்பென்சர் பாணிக் கையெழுத்தில் எழுதினார். ஒரு கணக்குப்பிள்ளையின் கையெழுத்து உலகத்தின் அத்தனை சுவர்களிலும் இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கண்டுபிடிச்சவர் கோடீஸ்வரர் ஆகியிருப்பாரே?

இல்லை. முதல் வருடம் ஒரு நாளைக்குச் சராசரியாக 9 கிளாஸ்தான் விற்றது. வரவு சுமார் 50 டாலர், செலவு 70 டாலருக்கும் மேல். உடம்பு முடியாத பெம்பர்ட்டன் உரிமையைத் துண்டு துண்டாக விற்றார். 1888 ஆகஸ்ட் 16 அன்று இறந்துபோனார். அவர் கையில் அப்போது ஒன்றுமே மிஞ்சவில்லை.

ஏசா கேண்ட்லர் என்ற இன்னொரு மருந்து வியாபாரி அந்தப் பங்குகளை எல்லாம் சேர்த்து 1891-க்குள் முழு உரிமையையும் தன் கைக்குக் கொண்டுவந்தார். மொத்தச் செலவு சுமார் 2,300 டாலர். 1919-ல் கேண்ட்லர் குடும்பத்திடமிருந்து நிறுவனம் கைமாறியபோது விலை 2.5 கோடி டாலர்.

கோக்ல கொக்கெய்ன் இருந்துச்சுன்னு சொல்றாங்களே, நெசமா?

நிஜம்தான். பெயரின் முதல் பாதியே கோக்கா இலை. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலையில் விளையும் அந்த இலையில் இயற்கையாகவே கொக்கெய்ன் உண்டு. இலைச்சாற்றைச் சேர்த்தால் அதுவும் கூடவே வரும். பின்பாதியான கோலா கொட்டை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, அதில் இருப்பது காஃபின்.

ஆனால் இன்றைய கண்ணோடு பார்த்துப் பதறக்கூடாது. அன்றைக்கு அமெரிக்காவில் கொக்கெய்ன் சட்டவிரோதம் அல்ல, மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைத்தது. அதைக் கட்டுப்படுத்தும் தேசியச் சட்டமே 1914-ல்தான் வந்தது. நிறுவனம் அதற்கு முன்பே, 1903 வாக்கில், கொக்கெய்னை நீக்கிய இலைக்கு மாறிவிட்டது. மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்த துளியும் 1929 வாக்கில் போய்விட்டது.

கோகோ மரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு சம்பந்தமும் இல்லை. தமிழில் பலரும் "கோகோ கோலா" என்று எழுதிப் பழகிவிட்டோம். அதனால் சாக்லேட் செய்யும் கோகோ என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மேலே சொன்னபடி இது கோக்கா இலை. நான் "கோக்கா கோலா" என்று எழுதுவது அதற்காகத்தான்.

இதில் அழகான ஒரு விஷயம் உண்டு. பாட்டிலின் வடிவமே இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான். 1915-ல் நிறுவனம் கண்ணாடித் தொழிற்சாலைகளுக்கு ஒரு போட்டி வைத்தது: இருட்டில் தொட்டாலும், உடைந்து தரையில் கிடந்தாலும் எங்கள் பாட்டில் என்று தெரிய வேண்டும். இண்டியானா மாநிலத்தின் டெர்ரே ஹோட் நகரில் இருந்த ரூட் கண்ணாடி நிறுவனத்து ஆட்கள் நூலகத்தில் கோக்கா, கோலா படங்களைத் தேடிப் போனார்கள். கலைக்களஞ்சியத்தில் அவர்கள் கண்ணில் பட்டது கோகோ காயின் படம். நடுவில் பருத்து, மேலிருந்து கீழாக வரி ஓடும் காய். அதைப் பார்த்து எர்ல் டீன் வரைந்ததுதான் இந்தப் பாட்டில். முதல் மாதிரியில் நடுப்பகுதி அடிப்பாகத்தைவிடப் பருமனாக இருந்ததால் இயந்திரப் பட்டையில் நிற்காமல் சாய்ந்தது, பிறகு இடுப்பைக் குறைத்தார்கள். கண்ணாடி பாட்டில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். விரலில் தட்டுப்படும் அந்த வரிகள் கோகோ காயுடையவை.

பாட்டில்ல அடைக்கிற உரிமைய ஒரு டாலருக்கு வித்தாங்களாமே?

ஆமாம், அந்த ஒரு டாலரையும் வாங்கவில்லை என்கிறார்கள். கேண்ட்லருக்குப் பாட்டிலில் நம்பிக்கையே இல்லை. பானம் என்றால் சோடா மேடையில் கிளாஸில் ஊற்றிக் குடிப்பது என்பதுதான் அவர் எண்ணம். 1899-ல் சட்டனூகா நகரிலிருந்து பெஞ்சமின் தாமஸ், ஜோசப் ஒயிட்ஹெட் என்ற இரண்டு வக்கீல்கள் வந்து கேட்டபோது, அமெரிக்காவின் பெரும்பகுதிக்குப் பாட்டில் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார். அதோடு பாகை அவர்களுக்கு விற்கும் விலையையும் ஒப்பந்தத்தில் நிலையாக வைத்துவிட்டார், காலக்கெடு எதுவும் இல்லாமல்.

அதனாலதான் 70 வருஷம் விலை ஏறவே இல்லையா?

முக்கியமான காரணம் அதுதான். பாகின் விலை நிலையானது என்றால், எவ்வளவு அதிகம் விற்கிறதோ அவ்வளவுதான் நிறுவனத்துக்கு லாபம். கடைக்காரர் விலையை ஏற்றினால் விற்பனை குறையும். அதனால் "5 சென்ட்" என்று நாடெங்கும் சுவரில் எழுதிவைத்தார்கள். எழுதிய பிறகு யாரும் ஏற்ற முடியாது அல்லவா?

1921-ல் ஒப்பந்தத்தைத் திருத்திய பிறகும் விலை நகரவில்லை. இந்த முறை தடை, தானியங்கி விற்பனைப் பெட்டி. லட்சக்கணக்கான பெட்டிகள் 5 சென்ட் நாணயம் ஒன்றை மட்டும் வாங்கும்படி செய்யப்பட்டிருந்தன. அடுத்த நாணயம் 10 சென்ட், அதாவது விலையை ஒரேயடியாக இரட்டிப்பாக்க வேண்டும். நிறுவனத்தை நடத்திய ராபர்ட் உட்ரஃப் 1953-ல் தன் நண்பரான குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரிடம் ஏழரை சென்ட்டுக்கு ஒரு புதிய நாணயமே அடிக்கச் சொல்லிக் கேட்டார். நாணயம் வரவில்லை. 1886-ல் தொடங்கிய 5 சென்ட் விலை 1950-களின் கடைசியில்தான் முழுவதுமாக மறைந்தது.

ஃபார்முலா ரெண்டே பேருக்குத்தான் தெரியுமா?

அது நல்ல விளம்பரம். எழுதிய தாள் ஒன்று இருப்பது உண்மை. 1919-ல் நிறுவனத்தை வாங்கக் கடன் வாங்கியபோது அந்தத் தாளை நியூயார்க்கில் ஒரு வங்கியில் அடகு வைத்தார்கள். 1925-ல் கடன் தீர்ந்ததும் அட்லாண்டாவில் ஒரு வங்கிப் பெட்டகத்துக்குப் போனது. 2011 முதல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் பெரிய இரும்புக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

ஆனால் வெளியாட்களும் பார்த்திருக்கிறார்கள். அட்லாண்டாவின் யூத மதகுரு டோபியாஸ் கெஃபனிடம், "எங்கள் மத முறைப்படி இதைக் குடிக்கலாமா?" என்று மக்கள் கேட்டபடி இருந்தார்கள். வெளியே சொல்வதில்லை என்ற உறுதியின் பேரில் நிறுவனம் அவருக்குப் பொருட்பட்டியலைக் காட்டியது. மாட்டுக்கொழுப்பிலிருந்து எடுத்த கிளிசரின் சிறிதளவு இருந்ததைக் கண்டு கூடாது என்றார். நிறுவனம் தாவர எண்ணெய்க் கிளிசரினுக்கு மாறியது, அவரும் 1935-ல் அனுமதி எழுதிக் கொடுத்தார். உலகம் முழுக்கத் தேடும் ரகசியத்தை ஒரு மதகுரு திருத்தியிருக்கிறார்.

பெம்பர்ட்டன் காலத்துக் குறிப்புகள் என்று வெளியானவற்றில் எலுமிச்சை, ஆரஞ்சு, ஜாதிக்காய், லவங்கப்பட்டை, கொத்தமல்லி எண்ணெய்கள் இருக்கின்றன. நம் அஞ்சறைப்பெட்டிக்கு ரொம்ப தூரம் இல்லை. இன்றைய ஆய்வகக் கருவிகள் சேர்மங்களைப் பிரித்துச் சொல்லிவிடும். அப்படியே செய்து விற்றாலும் அந்தப் பெயரை ஒட்ட முடியாது என்பதுதான் உண்மையான பூட்டு.

காஃபினுக்காக கேஸ் போட்டாங்களாமே, ஜெயிச்சது யாரு?

யாரும் முழுதாக ஜெயிக்கவில்லை. 1906-ன் உணவுத் தூய்மைச் சட்டத்தைக் கொண்டுவரப் பாடுபட்ட ஹார்வி வைலி என்ற அரசு வேதியியலாளர், குழந்தைகளும் குடிக்கும் பானத்தில் காஃபினைச் சேர்ப்பது தவறு என்று உறுதியாக நம்பினார். 1909-ல் சட்டனூகா அருகே சரக்கைப் பறிமுதல் செய்தார்கள். பொருளின் மீதே வழக்கு என்பதால் அதன் பெயரே "அமெரிக்கா எதிர் நாற்பது பீப்பாய், இருபது சிறு பீப்பாய் கோக்கா கோலா".

எனக்கு இதில் பிடித்தது சாட்சியம். காஃபின் மூளையை என்ன செய்கிறது என்று அன்றைக்குச் சரியான ஆய்வு இல்லை. நிறுவனம் ஹாரி ஹாலிங்வொர்த் என்ற இளம் உளவியலாளரை அமர்த்தியது. அவரும் மனைவி லீட்டாவும், யாருக்கு உண்மையான காஃபின் மாத்திரை, யாருக்கு வெறும் மாத்திரை என்று சோதிப்பவருக்கும் தெரியாத முறையில் பரிசோதனை நடத்தினார்கள். காசு கொடுத்தது நிறுவனம் என்றாலும் முறை நேர்மையானது, அதனால்தான் இன்றும் பாடமாக நிற்கிறது. வழக்கு 1916-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், நிறுவனத்துக்குப் பாதகமாகத் திரும்பியதும் சமரசத்தில் முடிந்தது. காஃபினைப் பாதியாகக் குறைத்தார்கள். இன்று 330 மில்லியில் சுமார் 32 மில்லிகிராம், ஒரு கப் காபியைவிடக் குறைவு.

சாண்டா தாத்தாவுக்கு சிவப்பு சட்டை போட்டது இவங்கதானே?

இல்லை. தாமஸ் நாஸ்ட் 19-ம் நூற்றாண்டிலேயே சிவப்பு உடையில் வரைந்திருக்கிறார். 1931 முதல் ஹேடன் சண்ட்ப்ளோம் வரைந்த விளம்பரங்கள் அந்த உருவத்தை உலகம் முழுக்கப் பரப்பின, அவ்வளவுதான்.

ஃபாண்டாவை நாஜிங்க கண்டுபிடிச்சாங்கன்னு படிச்சேனே?

நாஜி ஜெர்மனியில் பிறந்தது, நாஜிகள் கண்டுபிடித்ததில்லை. போர் காரணமாக அமெரிக்காவிலிருந்து பாகு வருவது நின்றபோது, அங்கே நிறுவனத்தை நடத்திய மேக்ஸ் கெய்ட் ஆலையை மூடாமல் இருக்க வழி தேடினார். பாலாடைக்கட்டி செய்து மிஞ்சும் மோர்நீர், ஆப்பிள் பிழிந்த சக்கை என்று கிடைத்ததை வைத்து ஒரு பானம் செய்தார். "கற்பனை" என்ற பொருள் தரும் ஜெர்மன் சொல்லிலிருந்து பெயர் வந்தது. இன்று நாம் குடிக்கும் ஆரஞ்சு ஃபாண்டா வேறு, அது 1955-ல் இத்தாலியின் நேப்பிள்ஸில் வந்தது.

அதே போரில் மறுபக்கம், சீருடையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் எங்கே இருந்தாலும் 5 சென்ட்டுக்கு ஒரு பாட்டில் என்று உட்ரஃப் அறிவித்தார். அப்போது படைத்தளபதியாக இருந்த ஐசன்ஹோவர் 1943 ஜூனில் 30 லட்சம் பாட்டிலும் 10 ஆலைகளுக்கான சாமான்களும் கேட்டுத் தந்தி அடித்தார். மேலே நாணயம் கேட்ட உரிமை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? போர் முடிந்ததும் சோவியத் தளபதி ஜுகோவுக்கும் கோக் பிடித்துப்போனது. அமெரிக்கப் பானத்தோடு அவரைப் பார்க்கக்கூடாதே! நிறத்தை நீக்கி, வோட்காபோலத் தெரியும் தெளிவான பாட்டிலில், வெள்ளை மூடியில் சிவப்பு நட்சத்திரத்தோடு அவருக்கென்றே தயாரித்து அனுப்பினார்கள்.

1985-ல சுவைய மாத்தி மாட்டிக்கிட்டாங்களாமே?

ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் சுவைத்துப் பார்க்கச் சொல்லி, புதியது பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் ஏப்ரல் 23 அன்று மாற்றினார்கள். எதிர்ப்பு தாங்காமல் 79 நாளில், ஜூலை 11 அன்று, பழையதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு வாய் குடிக்கும்போது இனிப்பானது ஜெயிக்கும், ஒரு டின் முழுக்கக் குடிக்கும்போது அப்படி இல்லை. பழையது இனி கிடைக்காது என்று யாரும் அந்த 2 லட்சம் பேரிடம் அழுத்திக் கேட்கவும் இல்லை. பழையதன் மதிப்பைக் கூட்டத் திட்டமிட்டே செய்தார்கள் என்ற வதந்திக்கு நிறுவனத் தலைவர் டொனால்ட் கீயோ சொன்ன பதில்: நாங்கள் அவ்வளவு முட்டாளும் இல்லை, அவ்வளவு கெட்டிக்காரர்களும் இல்லை.

ஏம்மா, எங்க காலத்துல கோக் திடீர்னு காணாமப் போச்சே, ஏன்?

என் மாமா கேட்டது இது. 1973-ன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி இதுபோன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும். 1977-ல் ஜனதா அரசு வந்தது, தொழில்துறை அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். பங்கோடு தயாரிப்பு முறையையும் இந்திய நிறுவனத்திடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். நிறுவனம் மறுத்து வெளியேறியது.

காலியான இடத்தில் அரசே இறங்கியது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் செய்முறை தர, அரசின் மாடர்ன் பேக்கரிஸ் "டபுள் செவன்" என்ற பானத்தை விற்றது. நீடிக்கவில்லை. நீடித்தது பார்லேயின் தம்ஸ் அப். 1993-ல் கோக்கா கோலா ஆக்ராவில் திரும்பவும் கால் வைத்தபோது தம்ஸ் அப்பையே வாங்கிவிட்டது, ஆனாலும் அதை ஒழிக்க முடியவில்லை. இன்றும் நிறுவனத்துக்கு இந்தியாவில் பெரிய வரும்படி தரும் பெயர்களில் அதுவும் ஒன்று.

ராத்திரி பல்லைப் போட்டு வச்சா காலைல கரைஞ்சிடுமா?

கரையாது. 1950-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் கிளைவ் மெக்கே என்ற பேராசிரியர், பல் இரண்டு நாளில் மென்மையாகிவிடும் என்று சொன்னார். சொல்லிச் சொல்லி அது "ஒரே ராத்திரியில் கரையும்" ஆனது. கோலாவின் பிஹெச் சுமார் 2.5 (எண் குறையக் குறைய அமிலத்தன்மை அதிகம்), பாஸ்பாரிக் அமிலம் காரணம். எலுமிச்சைச் சாறு இதைவிடப் புளிப்பு. வாயில் உமிழ்நீர் உண்டு, பானம் அங்கே ராத்திரி முழுக்க நிற்பதும் இல்லை.

ஆனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் எனாமலுக்கு நிச்சயம் கேடு. பெரிய கவலை சர்க்கரை: 330 மில்லியில் 35 கிராம். தராசில் நிறுத்து ஒரு கண்ணாடித் தட்டில் கொட்டிக் காட்டுவேன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

டயட் கோக் டின் தண்ணில மிதக்குது, சாதா டின் முழுகுது. எப்படி?

இப்போது சொன்ன அந்த 35 கிராம்தான். டயட்டில் அதற்குப் பதில் ஒரு கிராமுக்கும் மிகக் குறைந்த செயற்கை இனிப்பு. டின்னுக்குள் இருக்கும் காற்றிடைவெளி அதை மிதக்க வைத்துவிடும். ஒரு வாளித் தண்ணீர் போதும், செய்து பாருங்கள்.

இப்பவும் கோக்கா இலை சேர்க்கிறாங்களா? அது போதைப்பொருள் சட்டத்துல வராதா?

நியூ ஜெர்சியில் மேவுட் என்ற ஊரில் ஸ்டெபான் என்ற நிறுவனம் அரசு அனுமதியோடு கோக்கா இலையை இறக்குமதி செய்து, கொக்கெய்னைப் பிரித்து மருத்துவப் பயனுக்கு அனுப்புகிறது. மீதி இலைச்சாறு கோக்கா கோலாவுக்குச் சுவையூட்டியாகப் போவதாகப் பல பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன, நிறுவனம் வாய் திறப்பதில்லை. சட்டம் இடம் தருகிறது. 1961-ன் ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தத்தின் 27-ம் பிரிவு, கொக்கெய்ன் போன்ற ஆல்கலாய்டு இல்லாத சுவையூட்டி செய்யக் கோக்கா இலையைப் பயன்படுத்தலாம் என்கிறது. அதே ஒப்பந்தம் ஆண்டிஸ் மலை மக்கள் தலைமுறை தலைமுறையாக இலை மெல்லும் பழக்கத்தை 25 வருடத்தில் ஒழிக்கச் சொன்னது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

பிளாச்சிமடாவுல என்னதான் நடந்துச்சு?

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், நம் எல்லையை ஒட்டிய பழங்குடி ஊர். 2000-ல் கோக்கா கோலா ஆலை வந்தது. கொஞ்ச காலத்தில் கிணறுகள் வற்றின, இருந்த தண்ணீரும் சமைக்கவோ குளிக்கவோ ஆகவில்லை என்று பெண்கள் புகார் சொன்னார்கள். அந்த நீரைச் சோதித்தபோது கடினத்தன்மை மிக அதிகம். கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த நீரில் பருப்பு எளிதில் வேகாது, அதன் செல்களை ஒட்டிவைக்கும் பெக்டின் என்ற பொருளோடு கால்சியம் சேர்ந்து இறுகிவிடும். ஒரு வேதியியல் ஆசிரியைக்கு இது ஒரு சமன்பாடு. தினமும் அடுப்படியில் நிற்கிறவருக்கு அப்படி இல்லை.

2002 ஏப்ரலில் மயிலம்மா என்ற பழங்குடிப் பெண் முன்னின்று போராட்டம் தொடங்கியது. ஆலையிலிருந்து உரமென்று கொடுத்த கசடில் காட்மியமும் ஈயமும் இருப்பதாக 2003-ல் பிபிசி வெளிக்கொண்டுவந்தது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை. பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது, பிறகு திறக்கவே இல்லை. மயிலம்மா 2007-ல் இறந்தார். கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-ல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதை வாங்கித் தரத் தீர்ப்பாயம் அமைக்க 2011-ல் கேரளச் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை.